48 வோல்ட் மைக்கும் லேப்டாப் ஜாக்கும்

விலை மலிவான கண்டென்சர் மைக்கை வாங்கினால் பெட்டிக்குள் ஒரு கேபிளும் சேர்ந்தே வரும். அதன் ஒரு முனையில் மூன்று துளைகள் உள்ள எக்ஸ்.எல்.ஆர். கனெக்டர், மறுமுனையில் ஹெட்போனுக்கு இருப்பது போன்ற 3.5 மி.மீ. பிளக். பி.எம்.-800 என்ற பெயரில், வெவ்வேறு பிராண்டு முத்திரைகளோடு பல ஆண்டுகளாக விற்பனையாகும் மைக் இதற்குச் சரியான உதாரணம். பெரிய கம்பிவலைத் தலை, கனமான உலோக உடல், அதிர்வு தாங்கும் பிடிமானம் என்று பார்வைக்கு அது ஸ்டூடியோ மைக்கேதான். லேப்டாப்பில் செருகினால் போதும், வேலை முடிந்தது என்ற எண்ணத்தை அந்தக் கேபிளே உண்டாக்கிவிடுகிறது.

செருகியதும் நடப்பது வேறு. சில லேப்டாப்பில் குரல் மிக மெலிதாக, 'உஸ்' என்ற இரைச்சலுக்கு அடியில் கேட்கும். சிலவற்றில் மைக் செருகப்பட்டதாகவே காட்டாது. இன்னும் சிலவற்றில் பதிவு ஓரளவு நன்றாகவே வந்து, அதைச் செல்போனில் போட்டுக் கேட்கும்போது குரல் காணாமல் போயிருக்கும். பாடம் நடத்தும் ஆசிரியர்கள், வீட்டிலிருந்தே குரல் கொடுக்கும் கலைஞர்கள், புதிதாக யூடியூப் சேனல் தொடங்குகிறவர்கள் எனப் பலரும் இந்தக் கட்டத்தில் மைக் பழுது என்று முடிவுகட்டித் திருப்பி அனுப்புகிறார்கள். பெரும்பாலும் மைக்கில் பழுது இருப்பதில்லை. அதற்கு வேண்டிய மின்சாரமோ சரியான இணைப்போ கிடைக்கவில்லை, அவ்வளவே.

மைக்குக்கு எதற்கு மின்சாரம்?

எல்லா மைக்குக்கும் மின்சாரம் தேவையில்லை. மேடைகளில் பாடகர்கள் பிடித்திருக்கும் டைனமிக் மைக்கில் ஒரு காந்தமும் அதன் இடைவெளியில் அசையும் கம்பிச்சுருளும் உண்டு. ஒலி பட்டுச் சுருள் அசைந்தால் மின்சாரம் தானே பிறக்கும். கண்டென்சர் மைக்கின் வழி வேறு. மெல்லிய சவ்வு ஒன்றும் அதற்குப் பின்னால் ஒரு தகடும் மிக நெருக்கமாக நிற்கும். இரண்டும் சேர்ந்து ஒரு மின்தேக்கி. தகடுகளுக்கு இடையே மின்னூட்டம் இருக்கும் நிலையில் ஒலியலை சவ்வை அசைத்தால் இடைவெளி மாறும், அதற்கேற்ப மின்னழுத்தமும் மாறும். அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய ஈ.சி. வென்ட் 1916இல் உருவாக்கிய மைக் இந்தத் தத்துவத்தில் அமைந்ததுதான். சவ்வு மிக மெல்லியது என்பதால் டைனமிக் மைக் தவறவிடும் நுட்பமான ஒலிகளையும் அது பிடித்துவிடும். 'ச', 'ஸ' போன்ற எழுத்துகளின் கூர்மையும், பேசுகிறவர் மூச்சு இழுக்கும் ஓசையும் கண்டென்சரில் தெளிவாக விழுவதற்குக் காரணம் அதுவே.

அந்த நுட்பத்துக்கு ஒரு விலை உண்டு. சவ்வும் தகடும் சேர்ந்த மின்தேக்கியின் அளவு ஏறத்தாழ 50 பிக்கோ ஃபேரட்தான். 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது காட்டும் மின்மறுப்பைக் கணக்கிட்டால் 3 கோடி ஓமுக்கு மேல் வரும். அப்படிப்பட்ட மூலத்திலிருந்து நேராகக் கேபிளை இழுத்தால், கேபிளின் சொந்த மின்தேக்கமே சமிக்ஞையை விழுங்கிவிடும். ஆகவே சவ்வுக்கு மிக அருகிலேயே ஒரு பெருக்கி வேண்டும். பழைய மைக்குகளில் அந்த வேலையை வால்வு செய்தது, இப்போது எஃப்.இ.டி. எனப்படும் ஒருவகை டிரான்சிஸ்டர் செய்கிறது. எப்படியானாலும் மின்சாரம் இல்லாமல் அது இயங்காது.

ஆக, அசல் கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் இரண்டு வேலைகளுக்குத் தேவை: சவ்வுக்கும் தகட்டுக்கும் இடையே மின்னூட்டத்தை நிறுத்த ஒன்று, பெருக்கியை இயக்க மற்றொன்று. முதல் தேவையை ஒழித்துக் கட்டியவர்கள் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும். 1962இல் அவர்கள் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் மின்னூட்டத்தை நிரந்தரமாகப் பதித்து வைக்கும் எலெக்ட்ரெட் மைக்கை உருவாக்கினார்கள். மின்னூட்டம் பொருளுக்குள்ளேயே தங்கிவிடுவதால், எஃப்.இ.டி. இயங்கத் தேவையான சொற்ப மின்சாரம் கிடைத்தாலே போதும். ஹெட்செட்டில், சட்டையில் மாட்டும் காலர் மைக்கில் எல்லாம் பல பத்தாண்டுகளாக இருப்பது இந்த எலெக்ட்ரெட்தான்.

பி.எம்.-800 வகை மைக்கைத் திறந்து பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். பெரிய வலைத்தலைக்குள் பெரும்பாலும் இருப்பது சட்டைப் பொத்தான் அளவுள்ள ஒரு எலெக்ட்ரெட் கேப்ஸ்யூல். இதில் ஏமாற்றம் கொள்ள வேண்டியதில்லை. நல்ல எலெக்ட்ரெட் நல்ல ஒலியைத் தரும். ஆனால் அந்தக் கேப்ஸ்யூலோடு கதை முடியவில்லை. கீழே ஒரு சர்க்யூட் போர்டு இருக்கிறது. கேப்ஸ்யூலிலிருந்து வரும் சமிக்ஞையை ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு பிரதிகளாகப் பிரித்து, ஆளுக்கொரு டிரான்சிஸ்டர் வழியாக எக்ஸ்.எல்.ஆர். கனெக்டரின் இரண்டாம், மூன்றாம் பின்களுக்கு அனுப்புவது அதன் வேலை. 48 வோல்ட் வரும் என்று நம்பி வடிவமைக்கப்பட்ட போர்டு அது. சிக்கல் கேப்ஸ்யூலில் இல்லை, இந்தப் போர்டில்தான் தொடங்குகிறது.

48 வோல்ட் எங்கிருந்து வந்தது?

ஸ்டூடியோக்களில் மைக்குக்கு மின்சாரம் அனுப்ப 'பேண்டம் பவர்' என்ற முறை உண்டு. சமிக்ஞை வரும் அதே இரண்டு கம்பிகளிலும் ஒரே அளவு மின்னழுத்தத்தை ஏற்றி, கேபிளின் உறை வழியாகத் திருப்பி எடுப்பது இதன் சூட்சுமம். இரண்டு கம்பிகளிலும் ஒரே அழுத்தம் இருப்பதால் அவற்றுக்கு இடையே வித்தியாசம் பூஜ்யம். வித்தியாசத்தை மட்டுமே பார்க்கும் மிக்சருக்கு அந்த 48 வோல்ட் கண்ணிலேயே படாது. சரியான கேபிளில் செருகிய டைனமிக் மைக்கின் கம்பிச்சுருளுக்கும் அதே காரணத்தால் ஒன்றும் ஆவதில்லை.

இந்த எண் வந்த கதை நார்வேயைச் சேர்ந்தது. 1966இல் ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் டிரான்சிஸ்டரில் இயங்கும் கே.எம்.84 மைக்கை நார்வே ஒலிபரப்புக் கழகத்துக்காக உருவாக்கியது. அந்தக் கழகத்தின் ஸ்டூடியோக்களில் அவசரகால விளக்குகளுக்கென 48 வோல்ட் மின்வழங்கல் ஏற்கெனவே இருந்தது. மைக்குக்கும் அதையே எடுத்துக்கொண்டார்கள். பின்னர் அதுவே உலகத் தரமாயிற்று. இன்று ஐ.இ.சி. 61938 என்ற தரநிலை அதன் விவரங்களை வகுத்திருக்கிறது: 48 வோல்ட், கூடக் குறைய 4 வோல்ட் வரை போகலாம், ஒவ்வொரு கம்பிக்கும் 6.81 கிலோ ஓம் மின்தடை. மைக் அதிகபட்சம் 10 மில்லி ஆம்பியர் வரை இழுக்கலாம். 12 வோல்ட், 24 வோல்ட் முறைகளும் அதே தரநிலையில் உண்டு என்றாலும் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 48 வோல்ட்தான்.

அந்த 6.81 கிலோ ஓம் என்பதில் எண்ணைவிடப் பொருத்தம் முக்கியம். இரண்டு மின்தடைகளும் ஒன்றுக்கொன்று 0.4 சதவீதத்துக்கு மேல் வேறுபடக் கூடாது. வேறுபட்டால் இரு கம்பிகளிலும் அழுத்தம் சமமாக இருக்காது. கேபிளில் படியும் இரைச்சலும் முழுமையாகக் கழியாது.

மைக் 4 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பிக்கு 2 மில்லி ஆம்பியர் வீதம் போகும். 6.81 கிலோ ஓமில் அது 13.6 வோல்ட்டைத் தின்றுவிடும். மைக்கிடம் மிஞ்சுவது 34.4 வோல்ட். போர்டுக்கு அது தாராளம். இதே கணக்கை லேப்டாப்பிடம் போட்டுப் பார்த்தால்தான் பள்ளம் எவ்வளவு ஆழம் என்பது தெரியும்.

ஜாக்கில் என்ன வருகிறது?

லேப்டாப்பின் மைக் ஜாக்கிலும் மின்சாரம் உண்டு. ஹெட்செட்டில் இருக்கும் எலெக்ட்ரெட்டுக்காக வைக்கப்பட்ட அது 'பிளக்-இன் பவர்' எனப்படும். கம்ப்யூட்டர் உலகில் இதைப் பரவலாக்கியவை கிரியேட்டிவ் நிறுவனத்தின் சவுண்ட் பிளாஸ்டர் கார்டுகள். அவற்றில் பிளக்கின் நுனி சமிக்ஞைக்கும், நடு வளையம் 5 வோல்ட்டுக்கும், அடிப்பகுதி தரைக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. 2004இல் இன்டெல் வெளியிட்ட ஹை டெஃபனிஷன் ஆடியோ வரையறை வந்த பிறகு, ஆடியோ சிப் தானே இந்த மின்னழுத்தத்தைத் தருகிறது. சிப்புக்கு வரும் மின்னழுத்தத்தில் 50, 80, 100 சதவீதம் என எதை அனுப்புவது என்பதை டிரைவர் தீர்மானிக்கும். சிப் 3.3 வோல்ட்டில் ஓடினால் 80 சதவீதம் என்பது 2.64 வோல்ட். 5 வோல்ட்டில் ஓடினால் 4 வோல்ட்.

அதுவும் நேராக வெளியே வருவதில்லை. இடையில் ஒரு மின்தடை நிற்கும், பெரும்பாலும் 2.2 கிலோ ஓம் அளவில். ஜாக்கை முழுக்கக் குறுக்கிணைத்தாலும் 2.64 வோல்ட்டிலிருந்து கிடைப்பது 1.2 மில்லி ஆம்பியர். ஹெட்செட்டின் எலெக்ட்ரெட்டுக்கு அரை மில்லி ஆம்பியர் போதுமென்பதால் இது தாராளம். 3, 4 மில்லி ஆம்பியர் எதிர்பார்க்கும் போர்டுக்கு இது எட்டாக்கனி. அழுத்தம் குறைவு என்பதோடு மின்னோட்டமும் இல்லை. வோல்ட்டை மட்டும் பார்த்து, 'மைக் 5 வோல்ட்டிலும் ஓடும் என்று போட்டிருக்கிறதே' என்று கேட்கிறவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். விற்பனைப் பக்கங்களில் அந்த வாசகம் இருப்பது உண்மை. ஓடும், ஆனால் நடக்கும் வேகத்தில்.

கூடவே வரும் கேபிள் நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது. பெரும்பாலான கேபிள்களில் எக்ஸ்.எல்.ஆர். கனெக்டரின் இரண்டாம் பின் பிளக்கின் நுனிக்குப் போகும். முதல் பின்னும் மூன்றாம் பின்னும் ஒன்றாகத் தரைக்கு இணைக்கப்பட்டிருக்கும். அதாவது, போர்டில் உள்ள இரண்டு வெளியீட்டு டிரான்சிஸ்டர்களில் ஒன்று தரையோடு கட்டப்பட்டுக் கிடக்கிறது. அதற்கு மின்சாரம் கிடையாது, அதன் சமிக்ஞையும் கணக்கில் வராது. பாதி மைக்தான் வேலை செய்கிறது. அந்தப் பாதியும் குறைந்த மின்சாரத்தில்.

லேப்டாப் என்ன தருகிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. சாதாரண மல்டிமீட்டரும் ஒரு 2.2 கிலோ ஓம் மின்தடையும் இருந்தால் அளந்துவிடலாம். ஒரு வெற்று 3.5 மி.மீ. பிளக்கை ஜாக்கில் செருகி, ஏதாவது ஒரு பதிவு மென்பொருளில் மைக்கைத் தேர்ந்தெடுத்துப் பதிவை ஓடவிட வேண்டும். சில சிப்கள் பதிவு நடக்கும்போதுதான் மின்னழுத்தத்தைத் திறந்துவிடும். பிறகு பிளக்கின் மைக் முனைக்கும் தரை முனைக்கும் இடையே டி.சி. வோல்ட் பார்க்க வேண்டும். 2.6 என்று காட்டுகிறது என்றால், அதே இரு முனைகளுக்கும் குறுக்கே 2.2 கிலோ ஓம் மின்தடையை வைத்து மறுபடி பார்க்க வேண்டும். அளவு சரிபாதியாகி 1.3க்கு இறங்கினால் உள்ளே இருப்பதும் 2.2 கிலோ ஓம்தான். பாதிக்கும் கீழே போனால் உள்ளே இருக்கும் மின்தடை அதைவிடப் பெரியது, லேப்டாப்பிலிருந்து கிடைக்கும் மின்னோட்டம் இன்னும் குறைவு.

நான்கு பட்டைச் சிக்கல்

மைக் செருகப்பட்டதையே லேப்டாப் காட்டாமல் போவதற்குக் காரணம் மின்சாரமல்ல, ஜாக்கின் அமைப்பு. இப்போதைய லேப்டாப்புகளில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே ஜாக். அதில் செல்லும் பிளக்கில் நான்கு பட்டைகள் இருக்க வேண்டும்: நுனி இடது காதுக்கு, அடுத்தது வலது காதுக்கு, மூன்றாவது தரை, அடியில் இருப்பது மைக். பி.எம்.-800 உடன் வரும் பிளக்கில் மூன்றே பட்டைகள், சிலவற்றில் இரண்டு. அதைச் செருகும்போது பிளக்கின் நீண்ட அடிப்பகுதி ஜாக்கின் தரைத் தொடுப்பையும் மைக் தொடுப்பையும் ஒன்றாக இணைத்துவிடும். மைக் தொடுப்பு தரையோடு ஒட்டிக்கொண்டதும், யாரோ ஹெட்போன் செருகியிருக்கிறார்கள் என்று சிப் புரிந்துகொள்கிறது. மைக்கின் சமிக்ஞையோ, காதுக்கு ஒலி வெளியே வரும் தொடுப்பில் போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

இதற்கு ஹெட்போன், மைக் என்று இரண்டு தனித்தனித் துளைகள் உள்ள ஒய் வடிவ ஸ்பிளிட்டர் வேண்டும். விலை மிகக் குறைவு. வாங்கும்போது ஒரு முனையில் நான்கு பட்டைப் பிளக்கும், மறுமுனையில் இரண்டு துளைகளும் இருக்கின்றனவா, மைக் படம் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு ஹெட்போன் மாட்டும் ஸ்பிளிட்டரும் பார்வைக்கு ஏறத்தாழ இதே மாதிரி இருக்கும். அது இங்கே பயன்படாது.

மின்சாரம் தரும் வழிகள்

முறையான தீர்வு ஒன்றே: மைக்குக்கு அது கேட்கும் 48 வோல்ட்டைக் கொடுப்பது. அதற்கு மூன்று வழிகள் நடைமுறையில் உண்டு.

முதல் வழி, தனியாக விற்கப்படும் பேண்டம் பவர் பெட்டி. ஒரு பக்கம் மைக், மறுபக்கம் வெளியீடு, நடுவில் ஒரு சுவிட்ச். சில சுவர் அடாப்டரில் ஓடும், சில யு.எஸ்.பி. வயரில். பெட்டியில் 48 என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பாமல், வாங்கியதும் மல்டிமீட்டரை எக்ஸ்.எல்.ஆர். உள்ளீட்டின் முதல் பின்னிலும் இரண்டாம் பின்னிலும் வைத்துப் பார்ப்பது நல்லது. 44க்கும் 52க்கும் இடையே இருக்க வேண்டும். மூன்றாம் பின்னிலும் அதே அளவு வர வேண்டும். இரண்டும் வேறுபட்டால் உள்ளே இருக்கும் மின்தடைகளின் பொருத்தம் சரியில்லை.

சாலிடரிங் தெரிந்தவர்கள் இந்தப் பெட்டியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். சென்னை ரிச்சி தெருவில் ஒரு நடை நடந்தால் எல்லாப் பாகங்களும் கிடைத்துவிடும். ஐந்து 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் 45 வோல்ட். தரநிலை அனுமதிக்கும் எல்லைக்குள்தான் இருக்கிறது. பேட்டரி என்பதால் அடாப்டரின் இரைச்சல் அறவே கிடையாது. மைக் 3 மில்லி ஆம்பியர் இழுத்தால், 500 மில்லி ஆம்பியர் மணி தரும் அல்கலைன் பேட்டரிகள் நூறு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து இரண்டு 6.8 கிலோ ஓம் மின்தடைகள், ஒன்று இரண்டாம் பின்னுக்கு, ஒன்று மூன்றாம் பின்னுக்கு. கடையில் பத்து, இருபது மின்தடைகளை மொத்தமாக வாங்கி, மல்டிமீட்டரில் அளந்து, ஒரே அளவு காட்டும் இரண்டைப் பொறுக்கி எடுப்பது பழைய ரேடியோ மெக்கானிக்குகளின் பழக்கம். இங்கே அது அப்படியே பலிக்கும்.

இரண்டாம் பின்னிலிருந்து லேப்டாப்புக்குப் போகும் கம்பியில் ஒரு மின்தேக்கி கட்டாயம். 22 மைக்ரோ ஃபேரட், 63 வோல்ட் தாங்கும் எலெக்ட்ரோலைட்டிக் போதும். பாசிட்டிவ் முனை மைக் பக்கம். 34 வோல்ட்டுக்கு மேல் ஏறி நிற்கும் அந்தக் கம்பியிலிருந்து சமிக்ஞையை மட்டும் கடத்தி, நேர்மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவது அதுதான். மின்தேக்கியின் வெளிமுனையிலிருந்து தரைக்கு ஒரு 47 கிலோ ஓம் மின்தடையையும் சேர்த்துவிட வேண்டும். அது இல்லாவிட்டால் வெளிமுனை காற்றில் தொங்கும். பிளக்கைச் செருகிய கணத்தில் தேங்கிய மின்சாரம் லேப்டாப்பின் சிப்பில் பாயும். மூன்றாம் பின்னை எங்கும் இணைக்காமல் அப்படியே விட்டுவிடலாம். மின்சாரம் அதற்கும் போகிறது என்பதால் போர்டின் இரண்டு டிரான்சிஸ்டர்களும் இயல்பாக இயங்கும். அதைத் தரையோடு கட்டுவதுதான் தவறு.

பெட்டி வாங்கியதானாலும் செய்ததானாலும், இயக்கும் வரிசையைக் கடைப்பிடித்தே ஆக வேண்டும். முதலில் மைக்கைப் பெட்டியில் மாட்டி, சுவிட்சைப் போட்டு, மின்தேக்கிகள் நிறைய சில விநாடிகள் காத்திருந்து, அதன் பிறகே பிளக்கை லேப்டாப்பில் செருக வேண்டும். முடிக்கும்போது முதலில் பிளக்கை உருவிவிட்டு அப்புறம்தான் சுவிட்சை அணைக்க வேண்டும். பேண்டம் பவர் ஏறிய கேபிளில் எக்ஸ்.எல்.ஆரிலிருந்து 3.5 மி.மீ.க்கு மாற்றும் வெறும் அடாப்டரைப் போட்டு லேப்டாப்பில் செருகும் விபரீதம் கூடவே கூடாது. 5 வோல்ட்டுக்குள் வாழும் சிப் அது. 48 வோல்ட் நேராகப் பட்டால் அந்த ஜாக் மறுபடி பேசாது.

இரண்டாவது வழி, யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ். பெரிங்கர் யு.எம்.2, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ போன்றவற்றில் எக்ஸ்.எல்.ஆர். உள்ளீடு, 48 வோல்ட், நல்ல பெருக்கி எல்லாமே ஒரே பெட்டிக்குள். யு.எஸ்.பி. தருவது 5 வோல்ட்தானே என்ற சந்தேகம் எழலாம். யு.எஸ்.பி. 2.0 போர்ட்டிலிருந்து 500 மில்லி ஆம்பியர் வரை எடுக்கலாம். 5 வோல்ட்டில் அது 2.5 வாட். பேண்டம் பவருக்கு உச்சத்தில் தேவைப்படுவது 48 வோல்ட்டில் 10 மில்லி ஆம்பியர், அதாவது அரை வாட்டுக்கும் குறைவு. இன்டர்ஃபேஸுக்குள் இருக்கும் சிறு சர்க்யூட் 5 வோல்ட்டை 48 ஆக உயர்த்திக்கொள்கிறது. இதில் லேப்டாப்பின் சவுண்ட் கார்டுக்கு வேலையே கிடையாது. சமிக்ஞை எண்களாக மாறித்தான் உள்ளே நுழைகிறது. பதிவைத் தொழிலாகச் செய்யப் போகிறவர் பேண்டம் பெட்டி, ஸ்பிளிட்டர், புதுக் கேபிள் என்று ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்ப்பதைவிட முதல் நாளே இன்டர்ஃபேஸ் வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

மூன்றாவது வழி இடைநிலையானது: பேண்டம் பெட்டியின் வெளியீட்டை, கட்டைவிரல் அளவுள்ள யு.எஸ்.பி. சவுண்ட் கார்டில் செருகுவது. சி-மீடியா நிறுவனத்தின் சி.எம்.108 போன்ற சிப்கள் இவற்றில் இருக்கும். மைக்குக்கெனத் தனித் துளை உண்டு, 16 பிட் தரத்தில் ஒற்றைத் தடமாகப் பதியும். பேச்சுக்கு அது போதும். இந்தச் சின்னக் கார்டு 48 வோல்ட் தராது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பெட்டி இல்லாமல் மைக்கை நேராக இதில் செருகினால் பழைய கதைதான். ஆனால் நான்கு பட்டைச் சிக்கல் தீர்ந்துவிடும். லேப்டாப்பின் சிப்பையும் ஆபத்திலிருந்து விலக்கிவிடலாம். பழுதானாலும் போவது சின்னக் கார்டுதான்.

இவை எதுவுமே வேண்டாம், ஜாக்கில் செருகியதும் வேலை செய்ய வேண்டும் என்கிறவர்களுக்குப் பொருத்தமானது கண்டென்சர் ஸ்டூடியோ மைக் அல்ல, காலர் மைக். போயா பி.ஒய்.-எம்1 போன்றவற்றில் எலெக்ட்ரெட்டுக்கென எல்.ஆர்.44 பட்டன் பேட்டரி உள்ளேயே இருக்கிறது. பிளக்கிலும் நான்கு பட்டைகள். வகுப்பு எடுக்க, பேட்டி பதிய இது தாராளமாகப் போதும். அரைகுறை மின்சாரத்தில் ஓடும் பி.எம்.-800ஐவிட முழு மின்சாரத்தில் ஓடும் காலர் மைக் தெளிவாகவே பேசும்.

காணாமல் போகும் குரல்

பேண்டம் பெட்டி வாங்கி, மின்சாரமும் சரியாக வந்து, ஹெட்போனில் கேட்டால் குரல் கணீரென்று இருக்கிறது. அதே பதிவைச் செல்போனின் ஒற்றை ஸ்பீக்கரில் போட்டால் குரல் மங்கி, சில இடங்களில் அற்றுப்போகிறது. பலரைக் குழப்பும் இந்த மாயத்துக்குக் காரணம் கேபிள்தான்.

பெட்டியிலிருந்து லேப்டாப்புக்குப் போகும் சில கேபிள்களில் இரண்டாம் பின் பிளக்கின் நுனிக்கும், மூன்றாம் பின் நடு வளையத்துக்கும் இணைக்கப்பட்டிருக்கும். மைக் உள்ளீடு ஸ்டீரியோவாக இருந்தால் லேப்டாப் இவற்றை இடது, வலது என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் இவை இரண்டும் ஒரே சமிக்ஞையின் எதிரெதிர் பிரதிகள். ஒன்றில் அலை மேலே ஏறும்போது மற்றதில் கீழே இறங்கும். ஹெட்போனில் ஒவ்வொரு காதுக்கும் ஒன்று போவதால் ஒலி கேட்கிறது. கூர்ந்து கவனித்தால் குரல் தலைக்கு நடுவில் நிற்காமல் இரு காதுகளுக்கும் வெளியே சிதறிக் கிடப்பதுபோல் தோன்றும். செல்போன் ஸ்பீக்கர் இரண்டையும் கூட்டும். கூட்டினால் விடை பூஜ்யம்.

ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் அந்தப் பதிவைத் திறந்து, அலைகள் தனித்தனியாகத் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் உடனே பிடிபட்டுவிடும்: மேல் தடத்தின் மலை, கீழ்த் தடத்தில் பள்ளமாக இருக்கும். ஏற்கெனவே பதிந்ததைக் காப்பாற்ற, ஸ்டீரியோ தடத்தை இரண்டு மோனோ தடங்களாகப் பிரித்து ஒன்றை நீக்கிவிட்டால் போதும். இனிப் பதியப் போவதற்குக் கேபிளை மாற்ற வேண்டும்: இரண்டாம் பின் நுனிக்கு, முதல் பின் தரைக்கு, மூன்றாம் பின் எதற்கும் வேண்டாம்.

இரைச்சலும் அளவும்

மின்சாரம் சரியான பிறகும் மிஞ்சும் இரைச்சலுக்குப் பெரிய காரணம் 'மைக் பூஸ்ட்'. விண்டோஸ் ஒலி அமைப்புகளில் இது +10, +20, +30 டெசிபெல் எனப் படிப்படியாக ஏறும். +20 என்றால் பத்து மடங்கு. +30 என்றால் முப்பது மடங்குக்கும் மேல். குரலோடு சிப்பின் சொந்த இரைச்சலும் அதே மடங்கில் பெருகும். மின்சாரப் பற்றாக்குறையில் இருக்கும் மைக்கிலிருந்து வருவது மெலிந்த சமிக்ஞை என்பதால் பூஸ்டை உச்சத்துக்கு ஏற்றாமல் குரலே கேட்காது. 48 வோல்ட் வந்ததும் அதே மைக் பல மடங்கு வலுவான சமிக்ஞை தரும். பூஸ்டைப் பூஜ்யத்தில் அல்லது +10இல் வைத்தாலே போதும். கண்டென்சர் மைக் எதற்காகப் புகழப்படுகிறதோ அந்தத் தெளிவு அப்போதுதான் வெளிப்படுகிறது.

தொடர்ந்து 'ம்ம்' என்று ஒலிக்கும் முனகல் இருந்தால் அது 50 ஹெர்ட்ஸ் மின்வழங்கலிலிருந்து வருவது. லேப்டாப் சார்ஜரை உருவிவிட்டுப் பேட்டரியில் ஓடவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். எர்த் பின் இல்லாத இரண்டு முள் சார்ஜர்களில் இந்தத் தொல்லை அதிகம்; லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொடும்போது லேசாகச் சுறுசுறுக்கும் அதே கசிவு மின்சாரம்தான் மைக் கேபிளின் உறையிலும் ஓடுகிறது. பேண்டம் பெட்டி அடாப்டரில் ஓடினால் அதையும் சந்தேகிக்க வேண்டும். பெட்டியையும் லேப்டாப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பார்ப்பது முதல் சோதனை.

அளவு வைப்பதற்கு, மைக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்து இயல்பாகப் பேசி, பதிவு மென்பொருளின் அளவுகாட்டியைப் பார்க்க வேண்டும். பேச்சின் உச்சங்கள் மைனஸ் 12 டெசிபெல்லைத் தொட்டு, உரக்கச் சொல்லும் சொற்கள் மைனஸ் 6ஐத் தாண்டாமல் நின்றால் சரி. பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி உடைந்துவிடும்; அப்படி உடைந்ததைப் பின்னால் எந்த மென்பொருளாலும் முழுமையாக ஒட்ட முடியாது. பேசாமல் சில விநாடி ஓடவிட்டு, அந்த இடைவெளியில் அளவுகாட்டி எங்கே நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும். மின்விசிறி அணைத்த அறையில் அது மைனஸ் 50க்குக் கீழே இறங்காவிட்டால் பூஸ்டை ஒரு படி குறைத்துவிட்டு மைக்கை வாய்க்கு இன்னும் சற்று அருகில் கொண்டுவந்து மறுபடி பார்க்க வேண்டும்.